சின்னப் பிளேனில் ஏறிய கலியாணக் கெமரா

கலியாண வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்ப்பார்கள். படம் பிடிக்கிறவள் மட்டும் பிளக் பொயின்ட் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். கல்முனையில் இந்தத் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து என் கண் அப்படித்தான் பழகிப் போயிற்று. சின்னப் பிளேன்களில் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசம். இப்போது எதைக் கண்டாலும் இது எத்தனை கிலோ வரும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. போன பெருநாளைக்கு மச்சியின் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தவள், வாய் தவறி, "ஏழு கிலோ, கைப்பைக்குக் கூடிப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். மச்சி கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சங்கதி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கெமராக்காரர் வர முடியாது. வாசலிலேயே ஒரு கூடையை வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் போன்களையும் வாங்கிப் போட்டு விடுவார்கள். உள்ளே படம் பிடிப்பது நான் ஒருத்திதான். அந்தப் படங்கள் அந்நிய ஆணின் கண்ணுக்கோ கைக்கோ போகாது என்பது நான் கொடுக்கிற வாக்கு. ஒரே ஒரு தடவை என் பை தவறிப் போனால் போதும், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என்னை உள்ளே எடுக்க மாட்டார்கள். எனவே பை என் கையை விட்டுப் போகக் கூடாது. சொல்வதற்கு எவ்வளவு சுலபம்!

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது றஹீமா ராத்தா. எங்களுக்கு மூத்த பெண்களை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய ஒரே மகள் ஸுமையா மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளையும் அந்தத் தீவுக்காரர், கலியாணமும் அங்கேயே. ராத்தாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அவரால் கடல் கடந்து போக முடியாது. அங்கேயும் பெண்கள் பக்கத்தில் போனுக்கு இடமில்லை என்று ஸுமையாவே சொல்லிவிட்டாள். "நீ என்னத்தக் கொண்டாறியோ அதுதான் புள்ள நான் பாக்கப் போற கலியாணம்" என்று ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கெமராவும் நானும் ஒன்றாகத்தான் போய் இறங்குவோம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

அந்தத் தைரியம் எனக்குச் சும்மா வந்ததில்லை. அதற்கு முன்னால் நான் பட்டுத் தேறிய பாட்டை முதலில் சொல்கிறேன். கண்ணாடியும் பற்றரியும் சுமந்து திரிகிற என் இனத்தவர்களே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

யானை ஏறினாலும் உடையாத பெட்டி

முதல் தடவையாக ஒரு கொழும்புக் கலியாணக்காரர் என்னை மட்டக்களப்பிலிருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்குப் பிளேனில் வரச் சொன்னார்கள். அதுவரை கொழும்புக் கலியாணம் என்றால் ராத்திரி பஸ்தான். கெமராவை மடியில் வைத்துக்கொண்டு, மஹியங்கனை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து போகிற பயணம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே ஓடிப்போய்க் கறுப்பு நிறத்தில் கடினமான ஒரு கெமராப் பெட்டி வாங்கினேன். விழுந்தாலும் உடையாது, தண்ணீரில் மிதக்கும், மேலே யானை ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். அம்பாறைப் பக்கத்தில் யானை மெய்யாகவே வரும் என்பதால் அதையும் யோசித்துத்தான் வாங்கினேன்.

என் கணவர் சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில் வேலை பார்க்கிறார். எதற்கும் ஒருக்கால் நிறுத்துப் பார்ப்போம் என்று பெட்டியை மில்லுக்குக் கொண்டுபோய், நெல் மூட்டை நிறுக்கிற தராசில் வைத்தோம். பிளேன்காரர்கள் அனுமதித்த பாரத்தில் பாதிக்கு மேல் வெறும் பெட்டியே தின்றுவிட்டது. உள்ளே இன்னும் ஒரு லென்ஸ் மூடி கூட வைக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வராத குறை. இவர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெட்டிய மட்டும் கொண்டுபோய் அவங்களுக்குக் காட்டிப்போட்டு வா. கெமராவ மறுகா பஸ்ஸில போட்டு உடுறன்."

பொக்கட் வைத்த அபாயா

அந்தப் பெட்டி இன்றைக்கும் எங்கள் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அன்றிலிருந்து நான் பிள்ளையின் பழைய புத்தகப் பையைத்தான் தூக்கிப் போகிறேன். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை நாலாய் மடித்து உள்ளே மெத்தையாகப் போடுவேன். ஒவ்வொரு லென்ஸையும் ஒரு காலுறைக்குள் இறக்கி, இடுக்கில்லாமல் அடுக்குவேன். பஞ்சு மெத்தையை விட இது பாரம் குறைவு, போன இடத்தில் குளித்துவிட்டு உடுக்கவும் ஆகும்.

அப்படியும் பாரம் கூடியது. கைப்பைக்கு ஒரு கணக்கு உண்டு, கீழே போடுகிற பைக்கு ஒரு கணக்கு உண்டு, உடுத்திருக்கிற உடுப்புக்கு மட்டும் கணக்கில்லையே என்று எனக்கொரு புத்தி வந்தது. அபாயா தைக்கிற பெண்ணிடம் போய் உள்பக்கமாகப் பெரிய பொக்கட்டுகள் வைக்கச் சொன்னேன். எத்தனை வைக்க என்று கேட்டார். எத்தனை லென்ஸோ அத்தனை என்றேன். அளவு நாடாவை அவர் என் இடுப்பில் பிடிக்கவில்லை, லென்ஸில் பிடித்துத்தான் அளவெடுத்தார். உடுத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. நடக்கும்போது மட்டும் டொக்கு டொக்கென்று ஒரு சத்தம்.

மட்டக்களப்பு எயார்போர்ட்டில் கைப்பையை நிறுத்தார்கள். ஊதிவிட்டால் பறக்கும் பாரம். வென்றுவிட்டேன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு நடந்தவளை, கவுண்டரில் இருந்த தங்கச்சி மறித்து, தராசைக் காட்டி, "நீங்களும் ஏறி நில்லுங்க" என்றாள். பத்துப் பேர் போகிற பிளேனில் ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஏறினேன். முள் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது. அவள் முள்ளைப் பார்த்தாள், என் மெலிந்த முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் முள்ளைப் பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்: "மிஸ், ஒங்களப் பாத்தா இவ்வளவு பாரம் தெரியல்லயே. எலும்பெல்லாம் இரும்போ?"

திரைக்குப் பின்னால்

அன்றைக்குப் பிளேனில் ஆள் குறைவு என்பதால் தப்பினேன். ஆனால் பாதுகாப்பு வாசலைத் தாண்டியதும் அது கத்தத் தொடங்கியது. திரை போட்ட சின்ன அறைக்குள் ஒரு பெண் அதிகாரி என்னைக் கூட்டிப் போனார். சிங்களப் பெண், கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசினார். நான் பொக்கட்டிலிருந்து முதல் லென்ஸை எடுத்து மேசையில் வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். பிறகு ஃப்ளாஷ், அதன் பிறகு சார்ஜர், வயர். கோழி முட்டை இடுவது போல ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. மேசையில் இடம் முடிந்து கதிரையிலும் வைக்க வேண்டியதாயிற்று.

அவர் கோபப்படவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நோனா பயணம் போறதா, கடை மாத்துறதா?"

அரிசி முடிச்சு

கடற்கரையில் கெமரா வைத்திருக்கிறவர்கள் பூஞ்சணம் என்ற சொல்லைக் கேட்டாலே லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். மாரியில் இரண்டு கிழமை திறக்காமல் வைத்தால் லென்ஸுக்குள் வெள்ளை நூல் நூலாக ஓடிவிடும். ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பைக்கற்றுகள் கடையில் உண்டுதான். எங்கள் காற்றுக்கு அவை ஒரு நாளில் களைத்துப் போகும். நான் அரிசியைக் கருகாமல் வறுத்து, தூசு வெளிவராத இறுக்கமான துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, லென்ஸ்களுக்கு இடையில் வைப்பேன். அரிசிக்குப் பஞ்சமில்லாத வீடு எங்களுடையது.

பற்றரிக்கு வேறு சட்டம். அதைக் கீழே போடுகிற பையில் வைக்கக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகளில் டேப் ஒட்ட வேண்டும். எல்லாம் ஒட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டேன். இதை விட ஒழுங்காக ஒருவரால் செய்ய முடியாது என்று எனக்குப் பெருமை.

ஸ்கேனரில் நின்றவர் நடு வயது மனிதர், களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பற்றரி. கெமராப் பையைத் திறந்தார். உள்ளே அரிசி. ஒரு முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பூஞ்சணத்தைப் பற்றி நான் நீட்டி முழக்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓர் அரிசி சிந்தாமல் திரும்பவும் கட்டித் தந்தார். தந்துவிட்டுக் கேட்டார்: "கலியாண வீட்டுக்குத்தானே புள்ள போறீங்க, அங்க சோறு போடமாட்டாங்களோ?"

ஒரு படம் காட்டுங்க

கொழும்புக் கலியாணம் ஒன்றை முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது நடந்தது இது. பரிசோதனையில் நின்ற பையன் கெமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது உண்மையாகவே வேலை செய்கிற கெமராதானா என்று தெரிய வேண்டுமாம், ஓன் பண்ணி ஒரு படத்தைக் காட்டச் சொன்னான். நான் முடியாது என்றேன். உள்ளே இருப்பது தலைத்துணி இல்லாமல், முழு நகையோடு இருக்கிற பெண். அவளுடைய உம்மாவின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஏன் முடியாது, உள்ளுக்க என்ன இரிக்கி?" என்று கேட்டான். "ஒரு பொம்புள இரிக்கா" என்றேன். அவன் முகம் மாறிப் போயிற்று. என் பின்னால் வரிசை நீண்டது, வெளியே பிளேனின் விசிறி சுற்றத் தொடங்கியது. போகிற பிளேன் போகட்டும், ஒரு பெண் அதிகாரி வராமல் பட்டனில் கை வைக்க விடமாட்டேன் என்று கெமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் யாரோ ஓடிப்போய் ஒரு பெண் அதிகாரியைக் கூட்டி வந்தார்கள்.

அவர் ஒரு படத்தைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு பட்டனை அமுக்கிக்கொண்டே போனார். "மிஸ், கெமரா வேலை செய்யுதா?" என்று கேட்டேன். "ஓம் ஓம், செய்யுது" என்றார், தலையை நிமிர்த்தாமல். என் பிளேனுக்கு இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். அப்போதுதான் நிமிர்ந்தார்: "இந்தப் பொண்ணுக்கு மேக்கப் போட்டது யாரு? எங்கட தங்கச்சிக்கும் கலியாணம் வருது."

பெல்ட்

அதற்குப் பிறகு கெமராவுக்குள் எங்கள் வீட்டுப் பூனையின் படம் மட்டும் இருக்கிற ஒரு கார்ட்டைப் போட்டு வைக்கிறேன். யார் கேட்டாலும் பூனையைக் காட்டுவேன். கலியாணக் கார்ட்டுகள் ஒரு சின்னத் துணிப் பையில் என் கழுத்தோடு வரும். இருந்தாலும் பையைக் கைவிட மனசு வராது. சின்னப் பிளேனில் விமானியே இறங்கி வந்து பைகளை வாங்கிப் பின்பக்கம் அடுக்குவார். ஒரு நாள் ஒரு விமானி என் பையின் காதைப் பிடித்துவிட்டார். நானும் விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கயிறிழுத்தோம்.

"குழந்தையா இது, இப்படிப் பிடிக்கிறீங்க?" என்று சிரித்தார். "குழந்தை எண்டா ஒங்கட கையில தந்திருப்பன்" என்றேன். அவர் யோசித்தார். எனக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. பையை வாங்கி அதில் இருத்தி, பெல்ட்டை இழுத்து மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டியும் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போகும் வழியில் திரும்பிக் கேட்டார்: "பேர் என்ன வச்சிருக்கீங்க?"

ஒரு வாளி தொதல்

கலியாணக்காரர் கெமராவோடு சேர்த்து வேறு சாமானும் தந்து விடுவார்கள். இந்த நோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. நிந்தவூரிலிருந்து ஒரு மாமி கொழும்புப் பெண் வீட்டுக்கென்று, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய தொதல் ஒரு வாளி தந்தார். வேண்டாம் என்றால் கலியாணமே கைமாறிப் போய்விடும். தூக்கிக்கொண்டு போனேன். எயார்போர்ட்டில் பாரம் கூடிவிட்டது. எதையாவது விடத்தான் வேண்டும் என்றார்கள். கெமராப் பையை விடும் பேச்சுக்கே இடமில்லை. தொதலை விட்டுவிட்டுப் போனால் மாமி என்னை விடமாட்டார்.

எனக்குப் பிடிவாதம் வந்தால் வெட்கம் போய்விடும். வாளியைத் திறந்து, அங்கே காத்திருந்த பயணிகளுக்கு ஒரு கரண்டியால் வெட்டி வெட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். வேண்டாம் என்று சொன்னவர் ஒருவருமில்லை. டை கட்டிய ஐயா ஒருவர் இரண்டாம் தரமும் கையை நீட்டினார். கவுண்டர்க்காரருக்கும் பெரிய துண்டாக ஒன்று. அடியில் மாமியின் மானம் காக்கிற அளவு மிஞ்சியதும், வாளியைத் தராசில் வைத்து, இப்போது எப்படி என்பது போலப் பார்த்தேன்.

கவுண்டர்க்காரர் வாயில் இருந்ததை விழுங்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "பாரம் எங்க குறைஞ்சிருக்கு? வாளியில இருந்தது வயித்துக்குள்ள போயிருக்கு. எல்லாரும் அதே பிளேன்லதானே வாறாங்க?"

சுகந்தியின் நேர்த்தி

இனி றஹீமா ராத்தாவின் மகளுடைய கலியாணம். என்னோடு சுகந்தி வந்தாள். பாண்டிருப்புக்காரி, எனக்கு லைட் பிடிக்கிறவள், என் வயதுதான். எந்தக் கலியாண வீட்டுக் கூட்டத்திலும் அசையாமல் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிளேன் என்றால் மட்டும் பயம். அந்தத் தீவுக்குத் தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலேயே எழும்புகிற பிளேன்தான் போகும் என்று அறிந்த நாளிலிருந்து பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள். அப்படியிருந்தும் இந்தக் கலியாணத்துக்கென்று புதுச் சாரி ஒன்று எடுத்திருந்தாள். அதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தாள்.

மாலைதீவில் பெரிய பிளேனிலிருந்து இறங்கி, மரப் பாலத்தில் கட்டியிருந்த அந்தச் சின்னப் பிளேனுக்குப் போனோம். அன்றைக்குப் பயணிகள் நிறைய. பாரம் கூடிவிட்டது, நீங்கள் ஏறுங்கள், உங்கள் பைகள் நாளைக் காலையில் வரும் என்றார் அங்கிருந்த அதிகாரி. அந்தத் தீவுக்கு அன்றைக்கு அதற்குப் பிறகு வேறு பிளேன் இல்லை. கலியாணமோ அன்றைக்குப் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின்னால். நாளைக்கு வருகிற கெமராவை வைத்து நான் எதைப் படம் பிடிக்க? றஹீமா ராத்தா கையைப் பிடித்துச் சொன்னது மட்டும்தான் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் இரண்டு பேரின் உடுப்புப் பெட்டிகளையும் இறக்கச் சொன்னேன். ட்ரைபொட்டை இறக்கினேன். லெப்டொப்பையும் லைட் பையையும்கூட இறக்கினேன். இன்னும் இறக்க வேண்டும் என்று அதிகாரி கெமராப் பையைக் காட்டினார். பை இல்லாமல் நான் போய் ஒரு பிரயோசனமும் இல்லை, இரண்டையும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் நேரத்தைப் பார்த்தார்கள். அப்போது சுகந்தி பிளேனிலிருந்து இறங்கினாள். தன் புதுச் சாரி இருந்த பெட்டியின் மேலேயே மரப் பாலத்தில் உட்கார்ந்தாள்.

அவளுடைய பாரம் குறைந்தால் பை ஏறும். அது அந்த அதிகாரிக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது.  அவள் பயத்தில் இறங்கவில்லை. கலியாணத்தைப் பார்க்க எவ்வளவு ஆசையாக வந்தாள் என்று எனக்கல்லவா தெரியும். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "பிள்ளையாருக்கு நேந்தது வீண் போகல்ல. கெதியா ஏறு பர்ஸானா, அந்த மனிசன்ட மனசு மாற முந்தி."

லைட் இல்லாத கலியாணம்

பட்டுச் சாரிகளுக்கு நடுவில் நான் மட்டும் பயணத்தில் கசங்கிய அபாயாவோடு நின்றேன். மாப்பிள்ளையின் உம்மா என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்து வழி காட்டினார். லைட் இல்லை, பிடிக்க ஆளில்லை. கிழக்குப் பக்கக் கதவைச் சாத்தி மேற்குப் பக்கக் கதவைத் திறக்கச் சொன்னேன். ஸுமையாவோடு படிப்பிக்கிற எங்கள் நாட்டு ஆசிரியைகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் வெள்ளைக் கட்டில் விரிப்பைக் கொடுத்து, வெயில் அதில் பட்டுப் பெண்ணின் முகத்தில் விழும்படி பிடிக்கச் சொன்னேன். கை வலிக்குது மிஸ் என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்ததற்கு இது சரி என்றேன்.

ஸுமையா நான் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். ஆண்கள் பக்கத்தில் நிக்காஹ் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆசிரியைகள் விரிப்பைப் போட்டுவிட்டு, எங்கள் ஊரில் போடுகிறது போலவே நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். தீவுக்காரப் பெண்கள் திகைத்துப் பார்த்தார்கள்.  அந்தச் சத்தமும் வரட்டும் என்று நான் வீடியோவை ஓடவிட்டேன். ஸுமையாவின் கண் நிறைந்தது, விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே கெமராவைப் பார்த்தாள். கொஞ்சம் ஓய்ந்த பிறகு அவளுடைய கண்ணைத் துடைக்கப் போனேன். அவள் தலையை ஆட்டினாள்: "வேணாம் ராத்தா, அழமாட்டன். ஒரு சொட்டு உழுந்தாலும் உம்மா கலியாணத்தப் பாக்கமாட்டா, அதையேதான் பாத்துக்கிட்டு இரிப்பா."

மெஷின் ஓடுகிற நேரம்

அடுத்த நாள் காலையில் சுகந்தி சாமான்களோடு வந்து இறங்கினாள். புதுச் சாரியைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். மிஞ்சிய சாப்பாட்டின் முன்னால் இருத்தி அவளை நான் நிறையப் படம் எடுத்தேன். திரும்பும் பிளேனில் பாதிச் சீட் காலி. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியும் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வீட்டுக்கு வந்த பிறகு காட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவரை அவருக்கும் பொறுக்காது, எனக்கும் பொறுக்கவில்லை. நேரே அங்கே போனேன். தாதி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். ராத்தாவின் ஒரு கையில் ஊசி, அதிலிருந்து இரண்டு குழாய் மெஷினுக்குப் போயிற்று. லெப்டொப்பை அவர் மடியில் வைத்தேன். மற்றக் கையின் ஒரு விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளத் தொடங்கினார்.

அழுவார் என்று நான் கண் துடைக்க ஒரு லேஞ்சிகூட எடுத்துப் போயிருந்தேன். அவர் அழவில்லை. சாரி மடிப்புச் சரியில்லை என்றார். மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது என்றார். மூலையில் நிற்கிற ஒரு சின்னப் பெண்ணைக் காட்டி, இதுக்கு யாரும் சோறு குடுத்தீங்களா என்று கேட்டார். மாப்பிள்ளையின் உம்மாவின் முகத்தைப் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்து, குழப்பமில்லாத மனிசிதான் என்று முடிவு சொன்னார். குரவைச் சத்தம் வந்தபோது திரைக்கு வெளியே மற்றக் கட்டில்களில் பேச்சு நின்றது. ஸுமையா நேரே பார்க்கிற இடத்தில் ராத்தா விரலை எடுத்துவிட்டார். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், இவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படமும் முடிந்தது. மெஷினும் முடிந்து சத்தம் போட்டது. தாதி வந்து ஊசியைக் கழற்றி, பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, இனி எழும்பலாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். வாரத்தில் மூன்று நாளும் அந்த வார்த்தைக்காகவே காத்துக்கிடக்கிற மனுஷி அசையவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்: "இரி புள்ள. திரும்ப முதல்ல இருந்து போடு. நான் இப்பதான் கலியாண ஊட்டுக்கு வந்து இரிக்கன்."

ஆகவே என் இனத்தவர்களே, சின்னப் பிளேனில் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: உடுப்பைக் குறையுங்கள், செருப்பைக் குறையுங்கள், முடிந்தால் உடம்பையும் குறையுங்கள், கெமராப் பையில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.